எல்லையோர ஊர்களும் ஒளிப்படக் கழகமும்: பாறசாலை – நெய்யாற்றின்கரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. விளவங்கோட்டை ஒட்டிக் கிடந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் இணைப்புக் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது என்பதும், அக்கோரிக்கைக்காக நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது என்பதும் அறிந்த செய்திகள். எல்லை வகுக்கப்பட்ட பின்னர் ஆய்வுலகமும் அதே கோட்டின்வழிப் பிரிந்தது. களியக்காவிளைக்குத் தெற்கே உள்ளவற்றைத் தமிழாய்வாளர் எழுதினர். பாறசாலைக்கு வடக்கே உள்ளவற்றை மலையாள ஆய்வாளர் எழுதினர். இரண்டு மொழிக்கும் உரியவையாய், அதனாலேயே எவரும் தமதென முழுமையாக ஏற்றுக்கொள்ளாத சான்றுகள் இடையில் எஞ்சின.

இச்சான்றுகளை யார் பதிவு செய்வது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அரசின் தொல்லியல் துறை, பல்கலைக்கழகம், தனி ஆய்வாளர் என மூன்று விடைகள் வழக்கமாகக் கூறப்படும். நான்காவதாக ஒன்று உண்டு. ஒளிப்பட ஆர்வலர் தம் ஊரளவில் கூடி நடத்தும் கழகம் அது. பொழுதுபோக்கு அமைப்பாகவே கருதப்பட்டு வந்த ஒளிப்படக் கழகத்திற்கு இந்தியாவில் 170 ஆண்டுக்கால வரலாறு உண்டு. தமிழ்க் கல்வெட்டியலின் தொடக்கத்தோடும் அவ்வரலாறு பின்னியுள்ளது. அக்கழகத்தில் சேர்பவர் பெறும் பயனையும், அவரால் வட்டாரம் பெறும் பயனையும் அவ்வரலாற்றின்வழியே மதிப்பிடுதல் தகும்.

வட்டாரத்தின் சான்றுகள்

முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றிப் பெற்று, அங்குத் திருமாலுக்குக் கோயில் எடுத்துப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி 95 சட்டர்களுக்கு ஒரு சாலையும் அமைத்தான். இச்செய்தியைத் தரும் கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு தமிழ்மொழியில் வட்டெழுத்தில் அமைந்தது. திருவனந்தபுரத்து உசூர்க் கச்சேரியில் இருந்தமையால் அது உசூர் அலுவலகச் செப்பேடு என்றே பெயர் பெற்றது. து. அ. கோபிநாதராவ் அதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். செப்பேடு குறிப்பிடும் கோயில் இன்று தமிழ்நாட்டில் உள்ளது. செப்பேட்டுக்குப் பெயர் கொடுத்த அலுவலகமோ கேரளத் தலைநகரில் இருந்தது. பாறசாலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய கோயிலைக் காண ஆய்வாளர் இரண்டு மாநிலங்களின் நூலகங்களைத் தேட வேண்டியுள்ளது.

இது பெரிய சான்று, ஆதலால் காக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை வட்டத்திற்கு உட்பட்ட விழிஞத்துக் குடைவரையும் அதன் புறச்சுவரில் முற்றுப்பெறாமல் நிற்கும் புடைப்புச் சிற்பங்களும் அவ்வாறே காப்புக்கு உட்பட்டவை. சிறிய சான்றுகளின் நிலை வேறு. பழைய பாதையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள், குடும்பக் காவுகளின் கல்விளக்குகள், குளத்தங்கரைப் படிக்கற்கள், கல்லறைத் தோட்டங்களின் தமிழ் வாசகங்கள், ஓலையில் எழுதிய முறிகள், பரணில் கிடக்கும் வில்லுப்பாட்டு ஏடுகள் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதவை. சுமைதாங்கி என்று தெற்கே வழங்கும் கல்லே வடக்கே சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் வழங்குகிறது. பெயர் மாறுகிறது, கல் மாறவில்லை. அமரவிளை, களியக்காவிளை என 'விளை' என்னும் ஈறு கொண்ட ஊர்ப்பெயர்கள் எல்லையின் இருபுறமும் தொடர்ந்து வருவதும் இத்தகையதே.

ஏடுகளைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். இரவிக்குட்டிப்பிள்ளைப் போர், உலகுடையபெருமாள் பாட்டு, அஞ்சுதம்புரான் பாட்டு முதலிய கதைப்பாடல்கள் மலையாள இலக்கிய வரலாறுகளில் 'தெக்கன் பாட்டுகள்' எனவும் தமிழ் வரலாறுகளில் நாஞ்சில்நாட்டுக் கதைப்பாடல்கள் எனவும் இடம்பெறுகின்றன. இவற்றின் மொழியில் தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது எனப் பிரித்துக் காட்டுதல் எளிதன்று. அச்சிட்ட பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியின் பக்கமாகச் சொல்வடிவங்களைத் திருத்தியிருக்கக்கூடும் என்னும் ஐயம் இயல்பாகவே எழுகிறது. ஐயத்தைத் தீர்ப்பது ஏடு ஒன்றே. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என எழுத்துமுறைகள் பல வழங்கிய இப்பகுதியில், ஒரு சொல் எவ்வெழுத்தில் எழுதப்பட்டது என்பதும் மொழியாய்வுக்குரிய செய்தியாகும். பெயர்த்தெழுதிய படியில் அச்செய்தி நில்லாது, ஒளிப்படத்தில் நிற்கும். திருவனந்தபுரத்தில் 2022இல் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகம் கோயில் மதிலக ஆவணங்களுக்கும் அரசு ஆவணங்களுக்கும் இடமளித்துள்ளது. வீட்டுப் பரணில் உள்ள ஏட்டுக்கு அத்தகைய இடம் இன்னும் அமையவில்லை.

இதற்கிடையே நிலத்தோற்றம் விரைந்து மாறிவருகிறது. விழிஞத்துறையில் 2015 முதல் நடந்த துறைமுகப் பணியும், கழக்கூட்டத்திலிருந்து எல்லை ஊராகிய காரோடு வரை அமைந்த புறவழிச்சாலையும் வட்டாரத்தின் பழைய வழிகளை மாற்றியமைத்துவிட்டன. சாலை வேண்டாம் என்பது இங்குக் கருத்தன்று. சாலைக்கு நிலம் எடுக்கும்போது நில அளவையர் எல்லைக் கல்லைக் குறிக்கிறார். சுமைதாங்கிக் கல்லைக் குறிப்பதில்லை.

சென்னை ஒளிப்படக் கழகம், 1856

இந்தியாவில் ஒளிப்படக் கழகங்கள் மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் அடுத்தடுத்துத் தோன்றின. பம்பாயில் 1854இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856இலும் அவை அமைந்தன. சென்னையில் அதனைத் தோற்றுவித்தவர், 1850இல் கலைப்பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். தலைவராக இருந்தவர் வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தவரும், தென்னிந்திய நாணயங்களையும் கல்வெட்டுகளையும் தொகுத்தவருமான அதே எலியட்தான். கல்வெட்டில் ஈடுபாடு கொண்ட ஒருவர் ஒளிப்படக் கழகத்தின் தலைவராக இருந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது.

அக்காலத்து ஒளிப்படக்கலை ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய தொழிலாக இருக்கவில்லை. ஈரத்தகட்டு முறையில் கண்ணாடித் தகட்டின்மீது பசைக்கரைசலைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியெடுக்க வேண்டும். சென்னை வெப்பத்தில் கரைசல் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். மெழுகுத்தாள் முறை சற்று இடந்தந்தது எனினும், தாளைப் பதப்படுத்துவதிலும் வேதிப்பொருளை அளவிடுவதிலும் இங்கிலாந்து நூல்களின் குறிப்புகள் இந்நாட்டு வெப்பத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே ஒருவர் கண்டறிந்த அளவை மற்றவரிடம் கூறியாக வேண்டும். கெட்டுப்போன படத்தைக் கூட்டத்தில் வைத்துக் காரணம் கேட்டாக வேண்டும். கழகம் தேவையிலிருந்து பிறந்தது.

அச்சூழலில் செயற்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட அவர், 1857–58ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்று படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் எடுத்த முறை தமிழாய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, எடுத்த படங்களில் 21ஐ ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கல்வெட்டை வாசிக்க அறியாத ஒருவர் அதனை வாசிப்பவருக்காக வரிவரியாகப் பதிவு செய்த முயற்சி அது. ஹூல்ச் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றது 1886இல். தஞ்சைக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளிவரத் தொடங்கியது 1891இல். அவற்றுக்கு 30 ஆண்டுகளுக்கு முன்னரே கல்வெட்டின் தோற்றம் தாளில் நின்றுவிட்டது.

டிரைப்பின் அலுவலகம் நீடிக்கவில்லை. ஆளுநர் சார்லசு டிரெவெலியன் சிக்கனம் கருதி அதனை 1860இல் மூடினார். அரசுப் பதவி ஒரு கையெழுத்தில் முடிந்தது. ஆனால் கலைப்பள்ளியில் பயிற்சி தொடர்ந்தது. டிரைப்பிடம் பயின்றவரும் ஆவணங்களில் 'சி. அய்யாசாமி' எனக் குறிக்கப்பெறுபவருமான தமிழர் ஒருவர் அப்பள்ளியின் ஒளிப்படக்காரராக விளங்கினார். டிரைப் பெயரைக் கூறும் நூல்கள் பல; அய்யாசாமி பெயரைக் கூறுவன சில. எனினும் துறை மூடிய பின்பும் திறன் ஊரில் தங்கியமைக்கு அவரே சான்று. அரசு வழங்கும் பதவிக்கும் கூட்டாகப் பயிலும் கல்விக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் தெளிவாகிறது.

உறுப்பினர் யார்?

கழகம் என்றாலே சமத்துவம் என்று கொள்வதற்கில்லை. வங்காள ஒளிப்படக் கழகத்தின் தொடக்ககால உறுப்பினருள் ஒருவர் ராஜேந்திரலால் மித்ரா. கல்வெட்டு, சுவடி, கட்டடக்கலை ஆகிய மூன்றிலும் துறைபோகிய அப்பேரறிஞர் கழகத்தின் பொறுப்பிலும் இருந்தார். 1857 ஏப்ரலில் கல்கத்தா நகரமண்டபக் கூட்டத்தில் அவுரித்தோட்ட ஐரோப்பியரைக் கண்டித்து அவர் பேசினார். அப்பேச்சின் காரணமாகக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். ஒளிப்படத்துக்கும் அப்பேச்சுக்கும் எத்தொடர்பும் இல்லை. படத்தின் தரத்தை ஆராயக் கூடியவர்கள் படமெடுத்தவரின் நிறத்தை ஆராய்ந்தனர். பின்னாளில் ஒரிசாவின் தொன்மைகள் பற்றி அவர் இரண்டு பெருந்தொகுதிகள் (1875, 1880) வெளியிட்டபோது ஒளிப்படங்களைப் பெரிதும் பயன்படுத்தினார் என்பதால் இழப்பு யாருக்கு என்பது விளங்கும்.

இந்நிகழ்ச்சி எல்லையோர ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது. தோள்சீலைக் கலகம் நிகழ்ந்த மண் இது. மேலாடை அணிவதற்கே 1859ஆம் ஆண்டு அரசாணை தேவைப்பட்ட வட்டாரத்தில், ஒரு குடும்பம் தான் விரும்பிய ஆடையோடு படப்பிடிப்பு நிலையத்தில் அமர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம் வெறும் குடும்ப நினைவன்று; அது ஒரு சமூக ஆவணம். அயலார் எடுத்த 'மக்கள் வகைமை'ப் படங்களில் அம்மக்கள் பார்க்கப்பட்டனர். தாமே காசு கொடுத்து எடுத்த படங்களில் தம்மைக் காட்டிக்கொண்டனர். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தமிழகப் படப்பிடிப்பு நிலையங்களின் பழைய படங்களைத் தேடி மின்படியாக்கியது இவ்வுணர்வோடுதான். அத்தகைய படங்கள் எல்லையின் இப்பாலும் அப்பாலும் தகரப்பெட்டிகளில் உள்ளன.

பெட்டியைத் திறப்பவர் யார் என்பதே சிக்கல். கடிதத்தோடு வரும் ஆய்வு மாணவர்க்கு ஒரு வீட்டுக் கதவு திறக்கலாம், திறவாமலும் போகலாம். பக்கத்துத் தெருவினர், உடன் படித்தவர், கோயில் விழாவிலும் தேவாலயப் பெருநாளிலும் கண்டு பழகியவர் வந்தால் பெட்டி மட்டுமன்று, பெட்டியிலுள்ள படத்துக்குரிய கதையும் வெளிவரும். பெண்கள் உறுப்பினராக உள்ள கழகத்துக்கு அடுக்களைப்புறத்து நினைவுகளும் கிடைக்கும். ஒரு சாதியாரோ ஒரு சமயத்தாரோ மட்டும் கூடும் கழகம் மித்ராவை நீக்கிய கழகத்தின் மறுபதிப்பாகவே அமையும். அது தொகுக்கும் படங்களில் ஊரின் ஒரு பாதியே இருக்கும்.

கற்பதற்கு இடமின்மை

கழகம் இல்லாத ஊரில் கருவியைக் கற்க விரும்பியவரின் நிலைக்கு ஜே. சி. டேனியல் வரலாறு எடுத்துக்காட்டு. அகத்தீசுவரத்தைச் சார்ந்த அவர் திரைப்படம் எடுக்க விரும்பிச் சென்னைக்குச் சென்றபோது படப்பிடிப்பு நிலையங்களுக்குள் நுழைய இசைவு கிடைக்கவில்லை. பின்னர்ப் பம்பாய்க்குச் சென்று, கேரளத்திலிருந்து வந்த ஆசிரியர் எனவும் மாணவருக்குக் கற்பிப்பதற்காகக் கற்க வந்திருப்பதாகவும் கூறி உள்ளே நுழைந்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். நிலத்தை விற்று, திருவனந்தபுரத்துப் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவி, 'விகதகுமாரன்' என்னும் முதல் மலையாளப் படத்தை உருவாக்கினார். அது திரையிடப்பெற்ற ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவேறாகக் கூறப்படுகிறது. படச்சுருள் எஞ்சாமையால் சுருளைக் கொண்டு எதனையும் தீர்க்க இயலாது. 1956க்குப் பின் அகத்தீசுவரம் தமிழ்நாடாயிற்று. முதுமையில் அவர் நிதியுதவி கோரியபோது, தமிழ்நாட்டில் வாழ்பவர் என்பது தடையாகக் காட்டப்பட்டதாகக் கூறப்படுவதுண்டு. அவர் 1975இல் மறைந்தார். 1992 முதல் கேரள அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. கருவியைக் கற்கப் பொய் சொல்ல நேர்ந்ததும், எடுத்த படம் ஒரு படியும் மிஞ்சாமற் போனதும் தனித்து உழைத்தவருக்கு நேர்ந்த இரு இழப்புகள்.

அரசு வழியில் நடந்த பணியும் இல்லாமல் இல்லை. திருவிதாங்கூர் அரசின் ஒளிப்படக்காரராக இருந்த சக்கரியாஸ் டி குரூஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரண்மனைகளையும் கோயில்களையும் ஆறுகளையும் மக்களையும் சிறப்பாகப் படமெடுத்தார். அவை அரசு தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு நல்ல சான்றுகள். ஆனால் ஊர்மக்கள் எதனைக் காட்ட விரும்பினர் என்பதனை அவற்றிலிருந்து அறிய இயலாது.

வாரிக்சயர் அளித்த முறை

ஊரளவில் ஒளிப்பட ஆர்வலர் கூடி வரலாற்றாவணம் உருவாக்கிய முறைமைக்குத் தெளிவான முன்மாதிரி இங்கிலாந்தில் கிடைக்கிறது. டபிள்யூ. ஜெரோம் ஹாரிசன் என்பவர் 1889இல் முன்வைத்த திட்டத்தின்படி பர்மிங்காம் ஒளிப்படக் கழகத்தார் 1890 முதல் வாரிக்சயர் மாவட்டத்தை ஊர்ஊராகப் படமெடுத்தனர். சர் பெஞ்சமின் ஸ்டோன் இதனை விரித்து 1897இல் தேசிய ஒளிப்படப் பதிவுச் சங்கத்தை நிறுவினார். அவர்கள் வகுத்த நெறிகள் சில இன்றும் பழமைப்படவில்லை. படத்தில் எதனையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. நிறம் மங்காத முறையிலேயே அச்சிட வேண்டும். இடம், நாள், பொருள், எடுத்தவர் பெயர் ஆகியன படத்தோடு எழுதப்பட வேண்டும். எடுத்த படம் எடுத்தவர் வீட்டில் தங்காமல் பொதுநூலகத்தில் சேர வேண்டும்.

கடைசி நெறியே முதன்மையானது. ஒருவர் கையில் உள்ள படம் அவர் நினைவு. குறிப்போடு நூலகத்தில் சேர்ந்த படம் பிறர் சரிபார்க்கக்கூடிய சான்று. படத்தைச் சான்றாக்குவது கருவியன்று, கழகத்தின் ஒழுங்கு. இக்கருத்தை இன்றைய நிலையில் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கைப்பேசி இல்லாத இளைஞர் இல்லை. ஆதலால் கழகம் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசியில் எடுத்த படம் பெயரின்றி, இடக்குறிப்பின்றி, கருவி பழுதானால் தானும் அழிந்துபோகிறது. படங்கள் பெருகின; சான்றுகள் பெருகவில்லை.

மறுபுறம், இந்தியக் கழக மரபில் ஒரு குறையும் உண்டு. 1953இல் அமைந்த இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பும் அதனைச் சார்ந்த கழகங்களும் கண்காட்சிப் போட்டிகளை மையமாகக் கொண்டு வளர்ந்தன. ஒளியமைதியும் சட்டக அமைப்பும் அங்கு நுட்பமாகக் கற்பிக்கப்பட்டன. அப்பயிற்சி இன்றியமையாதது, மங்கிய படத்தில் எழுத்தும் தெரியாது, முகமும் தெரியாது. ஆயினும் விளக்கேற்றும் மூதாட்டி, மூடுபனியில் வள்ளம், வெயிற்கற்றையில் தூண் எனப் பரிசு பெறும் காட்சிகளில் பல எந்த ஊரில் எடுக்கப்பட்டவை என்னும் குறிப்பே இல்லாதவை. மூதாட்டிக்குப் பெயர் இல்லை. அழகு நோக்கும் ஆவண நோக்கும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. டிரைப்பின் படங்கள் இரண்டுமாய் உள்ளன. எனினும் ஊர்க்கழகம் இரண்டில் ஒன்றை முதலாவதாகக் கொள்ள வேண்டுமெனில், எல்லையோர ஊர்களில் ஆவணத்தையே கொள்ளுதல் தகும்.

கூட்டுப்பணியின் நுட்பம்

கல்வெட்டைப் படமெடுக்கும் செயல் ஒன்றையே கொண்டு கழகத்தின் தேவையை விளக்கலாம். இவ்வட்டாரத்தில் மழை மிகுதி. பாசி படர்ந்தும் தேய்ந்தும் போன கல்லில் எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. உச்சிவெயிலில் நேராக நின்று எடுத்தால் எழுத்தே தோன்றாது. காலையிலோ மாலையிலோ ஒளி கல்லின்மேல் சாய்ந்து விழும் நேரத்தில் எடுக்க வேண்டும்; அல்லது ஒருவர் விளக்கைக் கல்லுக்கு அணுக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மற்றொருவர் அளவுகோலை வைக்க வேண்டும். மூன்றாமவர் வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்துத் தெரிய மாவோ சுண்ணமோ பூசுவது கல்லுக்குக் கேடு என்று அறிந்து தடுக்கவும் ஒருவர் வேண்டும். நால்வர் கூடிய இடத்தில் கழகம் தொடங்கிவிட்டது எனலாம்.

கருவியை அசையாமல் நிறுத்தி, பளபளப்பான சிறு உருண்டை ஒன்றைச் சட்டகத்துக்குள் வைத்து, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் இணைக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது. டாம் மால்சுபெண்டரும் உடன் பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. திரையில் ஒளியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நேர்வெயிலில் மறைந்த எழுத்து தலைகாட்டும். இதற்கு வேண்டுவன ஒரு நல்ல கருவி, ஒரு முக்காலி, ஒரு விளக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள், பொறுமை ஆகியனவே. கருவியும் முக்காலியும் ஒவ்வொருவரும் வாங்குவதற்குரியன அல்ல. கழகத்தில் ஒன்று இருந்தால் போதும். கல்வெட்டுத்துறையின் மைப்படி எழுத்தை அதே அளவில் தருவது. ஆனால் கல் எங்கே, எதன் அருகே, எந்நிலையில் நிற்கிறது என்பதனை அது காட்டாது. மைப்படியும் ஒளிப்படமும் ஒன்றுக்கொன்று துணையாவன.

தமிழ்த்துறைகள் இப்பணியில் பங்கேற்றால் கழகத்துக்குப் படிப்பவர் கிடைப்பர்; துறைக்குச் சான்று கிடைக்கும். ஒளிப்படக்காரர் எழுத்தின் ஓரத்தைத் துண்டித்துவிடுவதுண்டு. வாசிக்கத் தெரிந்தவர் உடனிருந்தால் அத்தவறு அன்றே திருத்தப்படும். அதுபோலவே வாசிப்பவர் தாம் எதிர்பார்த்த எழுத்தையே கல்லில் காண்பதுண்டு. படம் அவரை மறுக்கும்.

இத்தகைய தன்னார்வப் பணி இயலுவதே என்பதற்கு ஈழத்தமிழரின் நூலக நிறுவனம் சான்று. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்ட இழப்பை மறவாத சமூகத்தில், 2005இல் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய அப்பணி நூல், இதழ், சுவடி, ஒளிப்படம் எனப் பலவகை ஆவணங்களை இணையத்தில் எவரும் படிக்க வைத்தது. பெருநிறுவன முயற்சிக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு எடுத்துக்காட்டு. 1956 முதல் அந்நிறுவனம் திரட்டிய தென்னிந்தியக் கோயில் ஒளிப்படங்கள் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் என்னும் அளவை எட்டியுள்ளன. ஆயினும் கோயில்களை நாடிச் செல்லும் நிறுவனம் சுமைதாங்கிக் கல்லுக்காக ஓர் ஊரில் தங்காது.

இடம்

கழகத்திற்கென்று புதுக்கட்டடம் தேவையில்லை. திருவிதாங்கூரில் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் கூடி அமைத்த கிரந்தசாலைச் சங்கத்தின் வழித்தோன்றல்களாகிய ஊர் நூலகங்கள் கேரளப் பகுதியில் எங்கும் உள்ளன. பி. என். பணிக்கர் நடத்திய அவ்வியக்கம் ஊரார் கூடிப் படிக்கும் பழக்கத்தை நிலைநிறுத்தியது. மாதம் ஒருமுறை அந்நூலகத்தில் கூடிப் படங்களைச் சுவரில் காட்டினால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் படத்திலுள்ள மரத்தின் பெயரையும், அம்மரத்தடியில் நின்ற கடையின் பெயரையும், கடைக்காரர் பேசிய மொழியையும் கூறுவார். அவற்றை எழுதிக்கொள்வதே கூட்டத்தின் தலையாய பணி. ஊர்ப்பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே எழுதுதல் வேண்டும்: பாறசாலை என்று தேடுபவரும் பாறசாலா என்று தேடுபவரும் ஒரே படத்தை அடைய வேண்டும். படங்களின் ஒரு படி நூலகத்திலும், மற்றொரு படி எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு கல்லூரித் தமிழ்த்துறையிலும் இருத்தல் நலம். பார்த்திவசேகரபுரத்தின் செப்பேடும் கோயிலும் பிரிந்ததுபோல் படமும் குறிப்பும் பிரியாதிருக்க, குறிப்பைப் படக்கோப்பினுள்ளேயே பதித்தல் வேண்டும்.

தொடங்குவதற்குரிய வேலை ஒன்றும் உண்டு. அமரவிளையிலிருந்து உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் பழைய நெடுஞ்சாலை பகுதி பகுதியாக நடந்து காணத்தக்க தொலைவே. அவ்வழியிலும் அதன் கிளைவழிகளிலும் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் எத்தனை, அவற்றுள் எழுத்துடையவை எத்தனை, எழுத்து வட்டெழுத்தா தமிழா மலையாளமா, கல்லை நட்டவர் பற்றி ஊரார் கூறுவது யாது என்பனவற்றை ஒரு கோடைக்காலத்தில் கண்டு முடிக்கலாம். அதற்குள் சாலை மேலும் அகலப்படுத்தப்படாதிருக்க வேண்டும்.